பதினொரு மாத ஒப்பந்தத்தில் சோலார் எப்படிப் போடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைக்காரர்கள் சோலார் போட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கில் பெரிய தப்பு இல்லை. ஆனாலும் திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியில் நான் அண்ணாந்து பார்க்கிற மாடிகளில் தண்ணீர்த் தொட்டியும் விளம்பரத் தட்டியும்தான் தெரிகின்றன. காரணம், கடை ஒருவருடையது, மாடி இன்னொருவருடையது. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடமாக இங்கே வாடகைக் கட்டடத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். பால், தயிர், ஐஸ்கிரீம் எல்லாம் வைத்திருப்பதால் இரண்டு ஃப்ரீசர், நான்கு கண்ணாடிக் கதவுக் கூலர், இரண்டு ஏ.சி. ஓடுகின்றன. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அதன்பின் 2023, 2024, 2025 என்று ஒவ்வொரு ஜூலையிலும் கடைகளுக்குக் கூடியது. இப்போது எங்களுக்கு யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் கட்டிக்கொண்டிருந்த எனக்கு, மாடியில் வீணாக அடிக்கிற வெயிலைப் பார்த்தால் வயிறு எரியாதா?

வீடுகளுக்கு 2024 முதல் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கடைகளுக்கு அது கிடையாது. அதற்குப் பதில் வருமான வரிக் கணக்கில், போட்ட செலவில் 40 சதவீதத்தை முதல் ஆண்டே தேய்மானம் என்று வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான் என்று ஆடிட்டர் சொன்னதால், தள்ளிப்போடாமல் 2023 ஜூனிலேயே 10 கிலோவாட் போட்டோம். ஆன செலவு 5 லட்சத்து 60 ஆயிரம். இன்று போடுகிறவர்களுக்கு இன்னும் குறையும், பேனலுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது.

பணத்தைப் புரட்டுவதைவிடக் கஷ்டம், கட்டடத்துக்கார அம்மாவிடம் பேசியதுதான். அவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார்கள். மின் இணைப்பு அவர்கள் பேரில் இருப்பதால் விண்ணப்பத்தில் அவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, தானே புயல்ல இந்த மாடிக் கொட்டாய் அப்படியே பிச்சிக்கிட்டு ரோட்டுல போய் விழுந்துச்சி. யார் தலையிலயாவது விழுந்திருந்தா? இப்ப நீ கண்ணாடி வைக்கிறேங்கற" என்றார்கள். 2011 டிசம்பர் 30-ஐ கடலூரில் யாரால் மறக்க முடியும்? அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை.

அடுத்த கேள்வி தளத்தில் துளை போட்டால் ஒழுகுமே என்பது. மூன்றாவதாக ஒன்று கேட்டார்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. "அக்ரிமென்ட்டே பதினோரு மாசம். நாளைக்கு நீ காலி பண்ணிட்டா இத யார் பாக்கறது?"

பேனல் உழைப்பது 25 ஆண்டு. போட்ட பணம் திரும்ப நாலரை ஆண்டாவது ஆகும். கையில் இருப்பதோ பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்தச் செலவுக்குப் பயந்து ஊரெல்லாம் பதினொரு மாதத்துக்கே எழுதிக்கொள்கிறோம். அப்படி இருக்கையில் வாடகைதாரர் எந்தத் தைரியத்தில் அஞ்சு லட்சத்தை அடுத்தவர் மாடியில் போடுவார்? கட்டடத்துக்காரர்தான் ஏன் போட வேண்டும், கரண்ட் பில் அவர் கட்டுவதில்லையே?

கடைசியில் பத்தாண்டு ஒப்பந்தமாகப் பதிவு செய்தோம். மாடிக்குத் தனியாக மாதம் ஆயிரம் ரூபாய் வாடகை. இடையில் நான் காலி செய்தால் பேனலைக் கழற்றிக்கொண்டு தளத்தை இருந்தபடி ஒப்படைக்க வேண்டும். பத்தாண்டு முடிந்தால் எல்லாம் அவர்களுக்கே. துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும். அந்தப் பாரத்தைத் தளம் தாங்குமா என்றும், மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றைத் தாங்க எத்தனை கட்டை வேண்டும் என்றும் பொறியாளர் எழுதித் தர வேண்டும். நம் கடற்கரைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் சொல்லியிருக்கிற வேகம் அதுதான், வினாடிக்கு 50 மீட்டர். இத்தனையும் இரண்டரைப் பக்கம்தான். மேல் மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிற தம்பி, வெயில் நேராகத் தளத்தில் விழாததால் மதியத்தில் பிள்ளைகள் உட்கார முடிகிறது என்கிறார். அந்த அம்மாவுக்கு இதுவும் ஒரு லாபம்.

வரவைச் சொல்கிறேன். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி நாலு யூனிட், ஆக மாதம் சுமார் 1,200 யூனிட். மின்வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்காக வாங்கும் நெட்வொர்க் கட்டணம் போக, 55,000 வந்த பில் இப்போது 33,000 வருகிறது. எத்தனை யூனிட் ஓடினாலும் இணைப்பின் லோடுக்காகக் கட்டுகிற நிலைக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பதை விற்க வருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். நம் செலவு போக மிஞ்சி மின்வாரியத்துக்குப் போகும் யூனிட்டுக்கு அவர்கள் வரவு வைக்கும் விலை, நாம் வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே பகலில் எவ்வளவு ஓடுகிறதோ அந்த அளவுக்குப் போடுவதுதான் புத்தி. ஃப்ரீசர் ஓடும் கடைக்கும் லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இது நன்றாகக் கட்டுப்படியாகும். முகூர்த்த நாளில் மட்டும் விளக்கெரியும் மண்டபக்காரர் நன்றாக யோசித்து இறங்க வேண்டும்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் படக்கூடாது. இங்கே பேனல்மேல் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். தேவனாம்பட்டினம் கடற்காற்றின் உப்பும் கடைவீதிப் புழுதியும் கலந்த படலம் அது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் ஆறரை மணிக்குள் கழுவுகிறோம். முதல் வருடம் அப்படிக் கழுவும்போது பார்த்தால் சட்டத்து போல்ட்டெல்லாம் செம்மண் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். 64 போல்ட்டையும் கழற்றி, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்டாக மாற்றினோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் பேனல் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கீழே இருந்த இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்டைக் கடையில் ஓடும் கரண்டாக மாற்றுகிற பெட்டி, அந்தப் புயலில் வீணாய்ப் போனது. வயர் மிச்சம் என்று மீட்டர் பலகைக்குப் பக்கத்திலேயே, படிக்கட்டுக்கு அடியில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். தெருத் தண்ணீர் உள்ளே வந்ததும் அது மூழ்கிப்போனது. கடைக்கு எடுத்திருந்த இன்சூரன்ஸில் சோலாரைச் சேர்க்காததால் பைசா கிடைக்கவில்லை. எழுபதாயிரம் ரூபாய் கைக்காசு. இப்போது இன்வெர்ட்டர் முதல் மாடியில் இருக்கிறது, பாலிசியிலும் இருக்கிறது.

இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய ஒரு நாள், கடையில் வேலை பார்க்கும் பெண், "அக்கா, மேல இவ்ளோ வெயில் அடிக்குது, ஃப்ரீசர் ஏன் ஓடல?" என்று கேட்டாள். லைன் நின்றதும் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் மீது நம் மாடிக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது அல்லவா? கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமானால் பேட்டரி வைத்த வகை வாங்க வேண்டும், செலவு வேறு.

ஐயா, என் வேண்டுகோள் இரண்டுதான். வணிகர் சங்கங்கள் தங்கள் வழக்கறிஞர்களை வைத்து மாடிக் குத்தகைக்கு ஒரு பொதுப் படிவம் தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் என்னைப்போல ஏழு மாதம் அலையக்கூடாது. அடுத்து, 2021-ல் மாநகராட்சியான கடலூர், தனக்குச் சொந்தமான வணிக வளாகங்களின் மாடிகளை அங்கே வாடகைக்கு இருக்கும் கடைக்காரர்களுக்குப் பத்தாண்டுக்காவது திறந்துவிட வேண்டும். மாநகராட்சியே செய்தால் தனியார் கட்டடத்துக்காரர்களும் துணிவார்கள்.

எங்கள் ஒப்பந்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்று கட்டடத்துக்கார அம்மா சம்மதித்திருக்கிறார்கள். ஒரு நகலும், சோலாருக்கு முன்னும் பின்னும் வந்த பில்களும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஃபைலில் இருக்கின்றன. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது, அப்போது வந்தால் மாடியையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடை நடத்தும் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.