வில்ட்ஷயர் தொகுதிகளை ஏன் உதிரியாகக் கொடுப்பதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையின் உள்பக்க அலமாரியில் இருக்கும் வில்ட்ஷயர் தொல்லியல், இயற்கை வரலாற்று இதழின் பழைய தொகுதிகளைப் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் இருக்கும் புகழ்பெற்ற பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிய தொகுதி மட்டும் போதும் என்கிறார்கள் சிலர். உள்ளே மடித்து வைத்திருக்கும் வரைபடங்களைப் பிரித்துக் கொடுத்தால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் நாங்கள் சம்மதிக்கவில்லை. ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), டிவைசஸ் என்ற சந்தை ஊரில், 1853 அக்டோபரில் இந்த இதழை வெளியிடும் சங்கம் தொடங்கியது. ஜான் பிரிட்டன் என்ற அறிஞர் தன் வாழ்நாளெல்லாம் அந்தக் கவுண்டியைப் பற்றி நூல்களும் கையெழுத்துப் படிகளும் சேர்த்து வைத்திருந்தார். அவை ஏலத்தில் ஆளுக்கொன்றாகப் போய்விடாமல் மொத்தமாக வாங்கி ஊரிலேயே வைக்க வேண்டும் என்ற அக்கறைதான் சங்கம் பிறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். எரிமலைகளை ஆராய்ந்த நிலவியலாளர் ஜார்ஜ் பௌலட் ஸ்க்ரோப் முதல் தலைவர். அடுத்த ஆண்டே இதழ் வந்துவிட்டது. அதன் முகப்புப் பக்கத்தில் ஒரு லத்தீன் வரியைப் போட்டார்கள்: பல கைகள் சேர்ந்தால் பெரும்பாரமும் எளிதாகும். எழுதியவர்களில் பாதிரியார்களும் மருத்துவர்களும் நிலக்கிழார்களும் அதிகம். யாரும் கூலிக்கு எழுதவில்லை.

ஆல்ஃபிரட் சார்லஸ் ஸ்மித் என்ற பாதிரியாரைச் சொன்னால் இந்த இதழின் குணம் விளங்கும். ஏவ்பரி கல்வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் யேட்ஸ்பரிதான் அவர் ஊழியம் செய்த ஊர். ஆரம்பத் தொகுதிகளிலேயே வில்ட்ஷயர் பறவைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். நம் கானமயிலுக்கு உறவான பெரிய பஸ்டர்ட் பறவை அந்தச் சமவெளியிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகாத நேரம் அது. அதே மனிதர்தான் 1880களில் ஏவ்பரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் இருக்கும் ஈமமேடுகளையும் பழைய வழித்தடங்களையும் வரைபடத்தில் குறித்து ஒரு வழிகாட்டியாகத் தந்தார். பறவை பார்க்கவும் மேடுகளைத் தேடவும் அவர் நடந்தது ஒரே நிலத்தில். அவருக்கு அது இரண்டு துறை இல்லை. அந்தப் பார்வை இதழிலும் அப்படியே இருக்கிறது. கல்வட்டம் வரும் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்தால் அந்தப் பார்வை போய்விடும்.

1883இல் சங்கம் இன்னொரு பெரிய காரியம் செய்தது. வில்லியம் கன்னிங்டனும் ரிச்சர்ட் கோல்ட் ஹோரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈமமேடுகளைத் தோண்டி எடுத்த பொருட்கள் ஸ்டவர்ஹெட் மாளிகையில் இருந்தன. அந்தத் தொகுப்பு முழுவதையும் 250 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். இன்று டிவைசஸ் அருங்காட்சியகத்தின் பெருமையே அதுதான்.

அப்புறம் எட்வர்ட் கொடார்ட். இவரும் பாதிரியார். 1890 முதல் 1942 வரை இதழின் ஆசிரியர். அரை நூற்றாண்டு, இரண்டு உலகப் போர்கள், ஒரே ஆசிரியர்! எங்களுக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். வில்ட்ஷயரின் தொல்லெச்சங்களை ஊர் ஊராக வரிசைப்படுத்தி 1913இல் அவர் இதழில் வெளியிட்ட பட்டியல் இருநூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. படிக்கச் சுவையானது என்று சொல்ல மாட்டோம். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதை வைத்துத்தான் வேலை செய்தார்கள். அது முந்தைய தொகுதிகளில் வந்த குறிப்புகளைத் தொகுதி எண், பக்க எண் கொடுத்துச் சுட்டுகிறது. பக்கத்தில் அந்தத் தொகுதிகள் இல்லையென்றால் பட்டியலின் பயன் பாதியாகிவிடும்.

1930இல் மாட் கன்னிங்டன் ஏவ்பரி அருகே ஓவர்டன் குன்றில் அகழ்ந்தார். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டக்லி பார்த்து எழுதி வைத்து, பிறகு கற்கள் உடைக்கப்பட்டு மறைந்துபோன ஒரு வட்டத்தின் தடத்தை அங்கே கண்டெடுத்தார். அதன் அறிக்கை 45ஆம் தொகுதியில் இருக்கிறது.

1970இல் இயற்கை வரலாறு ஒரு பகுதியாகவும் தொல்லியல் ஒரு பகுதியாகவும் இதழைப் பிரித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒன்றாக்கிவிட்டார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறோம். இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

சரி, கடை விஷயத்துக்கு வருவோம். தொகுதிகள் மொத்தமாக மட்டுமே விற்பனைக்கு. நூலகமோ கல்லூரியோ கேட்டால் அவர்களுக்கு முதல் உரிமை, தவணையில் கட்டலாம். படிக்க மட்டும் ஆசைப்படுபவர்கள் கடைக்கு வந்து உட்கார்ந்து படிக்கலாம், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. வரைபடங்களை விரிக்கும்போது மட்டும் எங்களைக் கூப்பிடுங்கள், மடிப்புகளில் தாள் நைந்திருக்கிறது. வர முடியாதவர்களுக்கு, பழைய தொகுதிகள் பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகத்தின் (Biodiversity Heritage Library) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எதில் தேடுவது என்று கேட்டால் தொகுதி எண் எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பழைய புத்தகக் கடையினர்