பழைய சுவருக்குச் சுண்ணாம்பே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டியின் பழைய கட்டடங்களைப் பற்றி நம் நாளிதழில் வந்த படங்களைப் பார்த்தேன். எல்லாம் சேரிங்கிராஸ் சந்திப்போடு நின்றுவிட்டன. கவர்னர் ஆடம் நினைவாக 1886இல் எழுப்பிய நீரூற்று அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கமர்சியல் ரோட்டை விட்டு மேடேறினால்தான் ஊரின் கதை தெரியும். நீலகிரி நூலகம், கோர்ட், பிரீக்ஸ் பள்ளி, ஸ்டீபன்ஸ் சர்ச் எல்லாவற்றையும் ஒரு நடையில் பார்த்துவிடலாம். நான் மரவேலை செய்து பிழைத்தவன். அதனால் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகும்.

சர்ச்சுக்கு 1829 ஏப்ரல் 23இல் சென்னை கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். 1830 நவம்பரில் பிஷப் வந்து அர்ப்பணம் செய்துவிட்டார். ஒன்றரை வருஷம்தான், அதுவும் இந்த மலை மழைக்கு நடுவில்! உத்தரமும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மகால் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. கட்டிய கேப்டன் அண்டர்வுட்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அந்த மரத்தை மலையேற்றியவர், இழைத்துப் பொருத்தியவர் யாரென்று எங்கும் இல்லை. வருகிறவர்கள் கல்லறைப் பக்கம் செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே போய் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள் என்பேன். அரண்மனையைத் தாங்கிய மரம் இங்கே வந்தும் இருநூறு வருஷத்தை நெருங்கிவிட்டது.

நூலகம் 1859இல் தொடங்கியது. இப்போதுள்ள சிவப்புக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் சிஸம். சென்னையில் செனட் ஹவுஸைக் கட்டினாரே, அவரேதான். பிரீக்ஸ் பள்ளி, நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்து 1872இல் இறந்த பிரீக்ஸின் நினைவாக வந்தது. சரி, வரலாறு போதும்.

என் கவலை பராமரிப்பைப் பற்றியது. இந்தப் பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. சில மழைக்காலம் கழித்து, கதவு இழுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கதவு நிலையைப் பார்த்துவிட்டு ஏணி போட்டு மேலே ஏறினேன். உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பாட்டம் இருந்தது. சுவருக்குள் போகும் நுனியில் உளியை வைத்தால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. கரையானும் இல்லை, வண்டும் இல்லை. வெறும் ஓதம். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். போக வழியில்லாத ஈரம் மரத்தின் நுனியில்தான் போய்ச் சேரும். ஆணியடித்துத் தகரம் போர்த்தி அதையும் மறைத்தார்கள், அது வேறு கதை.

காலக் கணக்கும் சரியில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஈரச் சுண்ணாம்பு நிற்காது, பொரிந்துவிடும். ஜூனில் பெருமழை பிடித்துக்கொள்ளும். ஆக, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் பூச்சு வேலைக்கு நல்ல நாள். ஆனால் நம் ஊரில் மார்ச் கடைசியில் பில் போட வேண்டும், மே மாத மலர் கண்காட்சிக்குள் பெயின்ட் அடித்து முடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில்தான் எதுவும் நடக்கிறது. சுண்ணாம்பு காய நாள் பிடிக்கும் என்று சொன்னால் கான்ட்ராக்டர் சிரிக்கிறார்.

நகராட்சியும் பொதுப்பணித் துறையும் இந்த மேட்டுக் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடும்போது சுண்ணாம்புப் பூச்சு என்று எழுதியே போட வேண்டும். கூரையில் தண்ணீர் வடியும் தகரக் கால்வாயில் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் சீகை மரத்து (வாட்டில்) இலையும் அடைத்துக் கிடக்கின்றன. அவற்றை மே மாதமே அள்ளிவிட வேண்டும். உத்தரத்தின் நுனியை வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆள் ஏறித் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டும்போது வரும் சத்தத்திலேயே மரத்தின் நிலைமை தெரிந்துவிடும். அந்த வேலை தெரிந்தவர்கள் காந்தலில் இன்னும் சிலர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
மரவேலைக்காரர் ஒருவர்,
காந்தல், உதகை.