மே மாத விடுமுறையும் யூகான் ஆறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு அந்நாட்டின் வடமேற்கில் ஓடும் யூகான் ஆற்றில் கனூ என்ற திறந்த துடுப்புப் படகில் போய்வரலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அதில் சொன்னபடி "மே மாதம் போகலாம், நீச்சல் தெரிந்தால் போதும்" என்று நம்பிக் கிளம்பினால் உயிருக்கே ஆபத்து.

முதலில் மாதம். நம் பள்ளிகளுக்கு விடுமுறை ஏப்ரல், மே. யூகானில் டாசன் நகரத்துப் பக்கம் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்குவதே பெரும்பாலும் மே முதல் பாதியில்தான். பயணம் தொடங்கும் வைட்ஹார்ஸ் நகரத்துக்குக் கீழே, ஆற்று வழியில் வரும் லபார்ஜ் ஏரி அதற்கும் பிந்தித்தான் திறக்கும். மே கடைசியிலும் அதில் பனிக்கட்டி கிடக்கும். ஆகவே ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியத்தான் காலம். அதற்குப் பள்ளியில் லீவு கேட்டே ஆகவேண்டும். ஜூன், ஜூலையில் கொசு மிகுதி. ராத்திரி முழுக்க வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், கண்ணைக் கட்ட ஒரு துணி வேண்டும். ஆகஸ்ட் முதல் பாதிதான் குழந்தைகளுக்கு ஏற்றது.

அடுத்து நீச்சல். ஊரணியிலும் கண்மாயிலும் நீந்திப் பழகிய கை கால் அந்தத் தண்ணீரில் உதவாது. ஆகஸ்டிலும் அது உறைய வைக்கும் குளிர். மானிட்டோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்ததும் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும், அதை அடக்க 1 நிமிடம். கை விரல்கள் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்து மூழ்குகிறவர்கள் உண்டு. அதனால் லைஃப் ஜாக்கெட் படகுக்குள் கிடந்தால் பயனில்லை, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். குழந்தைக்கு வாங்குவதில் கால்களுக்கிடையே வரும் பட்டியும் கழுத்துக் காலரும் கட்டாயம். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுக்கு மேலே ஏறினால் அளவு பெரிது. குழந்தை விழுந்துவிடும் என்று பயந்து படகோடு சேர்த்துக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறே எமன்.

தூரத்தைக் கட்டுரை மேலோட்டமாக விட்டுவிட்டது. வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை 700 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு வாரம் ஆகும். முதல்முறை போகும் குடும்பம் கார்மாக்ஸ் ஊரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஆற்றில் நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும், ஐந்து மணி நேரம் துடுப்புப் போட்டால் 40 கிலோமீட்டர் எளிது. ஏரியில் அப்படி இல்லை. லபார்ஜ் 50 கிலோமீட்டர் நீளம், ஓட்டம் கிடையாது, மணிக்கு 4 கிலோமீட்டர் போனால் பெரிது. மத்தியானக் காற்றில் அலை எழும்பினால் கரையில் ஒதுங்கி உட்கார வேண்டியதுதான். விடியற்காலையில் கிளம்பி, கரையை ஒட்டியே போகவேண்டும். குறுக்கே வெட்டிப் போக நினைக்காதீர்கள். எல்லாம் சேர்த்து எட்டு நாள், காற்றுக்காக இரண்டு நாள், ஆகப் பத்து. பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு இது புதிதல்ல: கூட்டத்தில் மெதுவாக நடப்பவரைப் பார்த்துத்தான் அன்றைய தங்கல் முடிவாகும். ஏரியே வேண்டாம் என்பவர்கள் டெஸ்லின் என்ற துணை ஆற்றில் இறங்கி, ஏரிக்குக் கீழே யூகானில் சேரலாம்.

கார்மாக்ஸைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இரண்டு செய்தி. பாறைகள் ஆற்றைப் பல கால்வாயாகப் பிரிக்கும் ஃபைவ் ஃபிங்கர் என்ற வேகப் பாய்ச்சலில் வலது கால்வாயில்தான் நுழைய வேண்டும். அதற்கு வெகு முன்பே வலது கரைப் பக்கம் வந்துவிட வேண்டும். ஒயிட் ஆறு கலந்த பிறகு தண்ணீர் வண்டல் நிறைந்து வடிகட்டியை அடைத்துவிடும், ராத்திரி வாளியில் தெளியவிட்டுக் காய்ச்சுங்கள். தெளிந்த தண்ணீரானாலும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்காமல் குடிக்கக் கூடாது.

பாய்ச்சலைவிடக் குடும்பங்களுக்கு ஆபத்து, கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரங்கள்தான். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை அரிபட்டு, மரம் வேரோடு தண்ணீரில் சரியும். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. ஓட்டம் படகை அந்தப் பக்கமே இழுக்கும் என்பதால், வளைவு கண்ணில் பட்டதுமே உட்கரைக்கு ஒதுங்கிவிடுங்கள். மீறி மோதினால் எல்லாரும் மரத்தின் பக்கம் சாய வேண்டும். பயத்தில் மறுபக்கம் சாய்வதுதான் இயல்பு. அந்த நொடியே தண்ணீர் உள்ளே புகுந்து படகு கவிழும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, பாதம் ஓட்டத்தின் திசையில் மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். வேகமான நீரில் காலூன்றி நிற்கப் பார்த்தால் கல்லிடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும்.

17 அடி கனூவில் இரண்டு பெரியவர், நடுவில் ஒரு சிறு குழந்தை, சாமான். அவ்வளவுதான். சாமான் ஏற்றியபின் தண்ணீர் மட்டத்துக்கும் படகு விளிம்புக்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு என்றால் படகும் இரண்டு, ஒவ்வொன்றிலும் பின்னால் பழகிய கை. ஐயாவுக்கோ அப்பத்தாவுக்கோ முழங்கால் மடங்காது என்றால் அவர்கள் வைட்ஹார்ஸில் தங்கட்டும். வருத்தம்தான், ஆனாலும் வழுக்குகிற கரையில் ஒரு நாளைக்குப் பலமுறை ஏறி இறங்க அவர்களால் ஆகாது.

சாப்பாடு, பெரியவருக்கு நாளைக்கு 700 கிராம், பிள்ளைக்கு 500 கிராம் உலர்பொருள். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என நான்கு பேருக்குப் பத்து நாளைக்கு 24 கிலோ. மேலே இரண்டு நாள் சேமிப்பு. அவல், வறுத்த ரவை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் எல்லாம் உதவும். துவரை வேக எரிபொருள் வீணாகும், மசூர் பருப்பு எடுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், கரடிக்கு அழைப்பு அது. சமைப்பதும் சாப்பாட்டுப் பீப்பாயை வைப்பதும் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி. கொண்டுபோகும் உணவு எதுவானாலும் கனடா சுங்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கரடி ஸ்ப்ரேயையும் கேஸ் குப்பியையும் விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேயே வாங்கி, ஸ்ப்ரேயை இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குத் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டில் கயாக் ஓட்டிப் பார்க்கலாம். அது இருபக்கத் துடுப்பு, கனூவுக்கு ஒருபக்கத் துடுப்பு. ஆனாலும் உடம்பின் சமநிலை பிடிபடும். வைட்ஹார்ஸ் போனதும் ஒரு நாள் ஒதுக்கி, சொல்லிக் கொடுப்பவர் முன்னிலையில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழகுங்கள்.

ஆற்றில் செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் தகவல் கருவியை அங்கேயே வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் குற்றம். புறப்படும் நாள், ஒவ்வொரு ராத்திரித் தங்கல், வந்து சேரும் நாள், எந்த நாளுக்கு மேல் தகவல் இல்லையென்றால் யாருக்குப் போன் செய்வது என்பதை எழுதி, ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். நேரக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்: இங்கே காலை 9 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 8.30.

விமான டிக்கெட் போடும் காலம் இது. மே மாதம் என்று வந்த தகவலை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி