கண்ணாடி வழுக்கியும் ஒரு மணித்தியாலமும்

ஆசிரியர் அவர்கட்கு,

கட்டியொன்று புற்றுநோயா என்பதையும் பிள்ளைப்பேறு ஏன் தள்ளிப்போகிறது என்பதையும் அறிவதற்கு, உடலிலிருந்து எடுத்த கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே பல வேளைகளில் முதற்படியாகும். கத்தி படாத, செலவு குறைந்த இந்தச் சோதனை வன்னியில் பிழையாகிப்போவதற்கு, கலம் எடுக்கப்படும் இடத்துக்கும் அது பார்க்கப்படும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரமே பெரும்பாலும் காரணம் என்பதை, நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் மணமாகி ஆறு ஆண்டாகியும் பிள்ளையில்லாத தம்பதியர் இருந்தனர். மனைவி புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தாள். இரத்தம், ஸ்கான் என்று எல்லாம் பார்த்தாள். கணவரைச் சோதிக்கும் பேச்சு ஆறாவது ஆண்டில்தான் எழுந்தது. அவரோ வீட்டில் எடுத்த விந்து மாதிரியைச் சிறு போத்தலில் அடைத்து, சாப்பாட்டுப் பைக்குள் குளிர்த் தண்ணீர்ப் போத்தலோடு ஒட்டி வைத்து, மாங்குளத்தில் பஸ் மாறி, யாழ்ப்பாணத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றுக்குக் கொண்டுபோனார். போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம் சென்றது. அசையும் விந்தணு ஒன்றுமே இல்லை என்று அறிக்கை வந்தது. 2 முதல் 7 நாள் விலகியிருந்து எடுக்க வேண்டும், குளிரவிடாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஆய்வுகூடத்துக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்கி மறுமுறை கொடுத்தபோது அசைவு 50 வீதத்தைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கைநூலின்படி அதன் கீழெல்லை 42 வீதமே. ஆனால் 'இயல்பான வடிவம் 6 வீதம்' என்ற வரியைக் கண்டு அவர் மீண்டும் இடிந்துபோனார். அதற்குக் கீழெல்லை வெறும் 4 வீதம் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுதும் சென்றது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டி அறியும் பப் பரிசோதனையிலோ விநாடிகளே கணக்கு. கருப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்ததைக் கண்ணாடி வழுக்கியில் தடவிய கையோடு 95 வீத அற்ககோலில் இட வேண்டும். காய்ந்துவிட்டால் கலங்கள் வீங்கி, கலக்கருவின் நுட்பம் மங்கி, நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிவது கடினமாகிவிடும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், யன்னல் திறந்திருந்த கிளினிக்கில், இலக்கம் எழுதப் பென்சிலைத் தேடிக்கொண்டு நின்றதால் இரண்டு வழுக்கிகளை நானே காயவிட்டிருக்கிறேன். அந்த இரு பெண்களும் மறுபடி வர வேண்டியதாயிற்று, ஒருத்தி வரவேயில்லை. இலங்கையில் இந்தச் சோதனை செய்யப்படும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இயங்குகின்றன; பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் அழைக்கப்படுகிறார்கள். நோவில்லாதபோது எதற்குச் சோதனை என்று கேட்போருக்குச் சொல்வதற்கு ஒன்றுண்டு: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கலங்கள் மாறத் தொடங்குகின்றன, அப்போது நோவே இராது. இந்தச் சோதனையை உருவாக்கிய பபனிக்கொலாவும் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவரல்லர். கினிப்பன்றிகளின் இனப்பெருக்க வட்டத்தைக் கலங்களின் மூலம் அறிய முயன்றவர், பின்னரே பெண்களிடம் புற்றுக் கலங்களைக் கண்டு 1928இல் அறிவித்தார்.

கழுத்திலோ மார்பிலோ கட்டி வந்தால் மெல்லிய ஊசியால் கலங்களை உறிஞ்சிப் பார்ப்பார்கள். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்காக ஒளித்துத் திரிவோர் இன்னும் உள்ளனர், ஒளிப்பதுதான் ஆபத்து. எனினும் ஊசியால் எல்லாம் தெரிந்துவிடாது. தைரோயிட் கட்டிகளில் ஒரு வகை, உறையைத் துளைத்து வெளியேறியிருக்கிறதா என்பதைக் கொண்டே புற்றாகக் கணிக்கப்படுவதால், சத்திரசிகிச்சையில் எடுத்த இழையத்தைப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டியிருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், சனம் வைத்தியரையே சந்தேகிக்கும்.

சுகாதார அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய கட்டடமல்ல. வன்னியின் ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் கிழமையில் ஒரு காலைப்பொழுது விந்துப் பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்டு, முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுக்கப்பட வேண்டும். மாதிரி எடுக்க வருவோரை மலசலகூடத்துக்கு அனுப்பாமல், ஆய்வுகூடத்துக்கு அருகிலேயே ஒரு சிறிய அறையும் அதன் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.