அடுத்த பெயின்ற் பூசுவதற்கு முன்: திருகோணமலையின் பழைய மாளிகைகளைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலக் கட்டடங்களை உத்தியோகபூர்வ வாசஸ்தலமாகவும் விடுதியாகவும் வைத்திருக்கும் நிர்வாகத்தினருக்கும், அவற்றுக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாக ஒருவர் பதவிக்கு வந்தால் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு கிழமைத் தவணை. விழுந்த இடத்துக்குச் சீமெந்து, மேலே எமல்ஷன். அடுத்த மாரியில் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கொப்புளம். தட்டினால் பொள்ளென்று கேட்கும், உரித்தால் வெள்ளைப் பொடி கொட்டும். திரும்பவும் சுரண்டி, திரும்பவும் சீமெந்து. இந்தச் சுற்றை நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

இந்தச் சுவர்கள் முருகைக்கல் (கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்), கருங்கல், செங்கல் எது கிடைத்ததோ அதைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. இரண்டடிக் கனம் சாதாரணம். அடியில் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றோடு போய்விடும்; கட்டியவர்கள் அதைத் தெரிந்தேதான் கட்டினார்கள். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் அங்கேயே நின்றுவிடாது, வெளியேற இடம் தேடி மேலே ஏறும். மூன்றடியில் நின்ற ஈரக்கோடு ஐந்தடிக்குப் போவது இதனால்தான்.

கூடவே உப்பு. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்துக்கு மேல் போனால் கறியுப்புக் கரையும். கீழே வந்தால் பளிங்காகும். பளிங்காகும்போது பூச்சின் நுண்துளைகளை உள்ளிருந்து உடைக்கும். நம் கடற்கரைக் காற்று அந்த 75 வீத எல்லையை அடிக்கடி மேலும் கீழுமாகத் தாண்டுவது. ஏசி பூட்டிய அறையிலோ சுவரின் உட்பக்கம் உலர்ந்தபடியே இருக்கும், உப்பெல்லாம் அந்தப் பக்கம் இழுபடும். வெளிச்சுவர் நன்றாயிருக்க, உள்ளே அலுமாரிக்குப் பின்னால் பூச்சு மாவாக உதிர்கிறதென்றால் காரணம் இதுவே. அதே ஏசியின் கழிவுநீர்க் குழாய் சுவரடியிலேயே சொட்டுவதையும் பார்க்கலாம். அதை நீட்டிவிட ஒரு மணித்தியாலம் போதும்.

ஆகவே முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மழைப்பீலிகளை ஒக்டோபருக்கு முன்னரும் ஜனவரி கழிந்த பின்னரும் துப்புரவாக்க வேண்டும். பீலித் தண்ணீர் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி விழ வேண்டும். வீட்டைச் சுற்றிப் போட்ட கொங்கிறீற் நடைபாதை பெரிய கேடு: அது நிலத்து ஈரம் வெளியில் ஆவியாக விடாமல் சுவருக்குள் தள்ளுகிறது. பூப்பாத்தி மண்ணையும் வெட்டி இறக்கி, வெளிநிலம் உள்தளத்தைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்கச் செய்யுங்கள். கூரைக்குள் வைத்த 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் ஒரு தொன். கூரையின் பழைய வளையும் கைமரமும் ஓடுகளைச் சுமக்க மட்டுமே போட்டவை. தாங்கியை வெளியே தனிக் கோபுரத்துக்கு மாற்றுங்கள்.

பிறகு சீமெந்தை உளியால், கையால் எடுக்க வேண்டும். மின்துளைப்பான் முருகைக்கல்லையே பிளந்துவிடும். எடுத்ததும் பூசக்கூடாது. ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. இரண்டடிச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம். அதுவரை சுவர் அசிங்கமாகத்தான் இருக்கும். பொறுக்க முடியாத அறைக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தை மெல்லியதாகப் பூசி விடுங்கள். அது உப்பை வாங்கிக்கொண்டு உதிரும், அப்புறம் சுரண்டி எறியலாம்.

முருகைக்கல் அகழத் தடை இருப்பதால் இன்று பெரும்பாலும் மாத்தளைப் பக்கத்து டொலமைற் சுண்ணாம்புதான். அது மெதுவாகத்தான் நீறும், அதாவது தண்ணீரை உறிஞ்சி மாவாகும். கட்டிச் சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போட வேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். தண்ணீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் கிடக்கட்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டி சுவரில் ஏறிய பிறகு நீறி, பொரி பொரியாகத் தெறிக்கும். மணல் கழுவிய ஆற்றுமணல். கடல்மணல் ஒரு சட்டி கலந்தாலும் உப்பை நாமே உள்ளே வைப்பதாகும். ஒவ்வொரு படையும் அரை அங்குலத்துக்கு மேற்படாமல், ஒரு கிழமை இடைவிட்டு மூன்று படை. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஈரச்சாக்குக் கட்டாமல் பூசினால் மறுநாளே மயிர்வெடிப்பு. கடைசியில் பால்போலக் கரைத்த சுண்ணாம்பு, மெல்லியதாக ஐந்து தரம்.

இது இரண்டு கிழமை வேலையல்ல. கேள்விப்பத்திரத்தை மாரி ஓய்ந்தவுடன் விடுங்கள், சீமெந்து எடுப்பதையும் பூச்சையும் இரண்டு தனி ஒப்பந்தமாக்குங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடமானால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதிக்கான காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

பிரட்ரிக் கோட்டைக்குள் வேலை செய்வோருக்குத் தனியாக ஒன்று. அங்கே, பின்னாளில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லியின் பெயரால் வழங்கும் வீடு உட்படப் பல பழைய கட்டடங்கள் உள்ளன. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டைக்குள் போனவை. வாயிலில் இரட்டைக் கயல்மீன் சின்னமும், அக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டனின் பெயர் சொல்லும் கல்வெட்டுத் துண்டும் இன்றும் தெரிகின்றன. பூச்சு உரிக்கும்போது செதுக்கிய முகமுள்ள கல் வெளிவந்தால் உளியை வைத்துவிட்டு, படமெடுத்து, அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பி வையுங்கள்: எந்தச் சுவர், எந்தக் கலவை, எந்த மாதம். வசிப்பவர் மாறும்போது சாவிக்கொத்தோடு அதுவும் கைமாறட்டும். முதற்பக்கத்தில், இந்த மாரிக்கு முன் பீலி துப்புரவாக்கிய திகதியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்பு, ஓடு, தச்சு வேலை செய்வோர்
திருகோணமலை