ஷிங்கா பாடத்தை ஒலியிலிருந்து தொடங்குங்கள்: குவாத்தமாலா கல்வி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

நான் உங்கள் நாட்டுக்காரன் அல்ல. மொழிகளின் ஒலிகள்மேல் பித்துப் பிடித்த ஒருவன், அவ்வளவுதான். 2003ஆம் ஆண்டு தேசிய மொழிகள் சட்டத்தில் மாயா மொழிகள், கரிஃபுனா மொழி ஆகியவற்றோடு, உங்கள் பழங்குடி மக்களில் ஒரு பிரிவினரான ஷிங்கா மக்களின் மொழிக்கும் இடம் கொடுத்தீர்கள். 2018 கணக்கெடுப்பில் 2,64,167 பேர் தங்களை ஷிங்கா இனத்தவர் என்று பதிந்தார்கள். ஆனால் ஷிங்காவைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேச கிட்டத்தட்ட யாரும் மிஞ்சவில்லை. சரி, இனி பள்ளியில்தான் கற்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

ஒலியில் தொடங்குங்கள். ஷிங்காவில் சாதாரண 'க' ஒன்று; தொண்டையை ஒரு கணம் அடைத்து வெடிப்பாக விடும் 'க' இன்னொன்று. ப, த வரிசையிலும் இதே கதைதான். நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு, குரலே இல்லாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விடும் ஒலியும் உண்டு. உயிர்கள் ஆறு. இவற்றில் ஒன்று, தமிழில் நாங்கள் 'அது' என்னும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, கிட்டத்தட்ட அது. ஒரே சொல்லுக்குள் சேர்ந்து வருவதில் இ, உ ஒரு கூட்டணி. எ, ஒ இன்னொன்று. இந்த ஆறாம் உயிர் தனிக்கட்சி. 'அ' மட்டும் எல்லாரோடும் சேரும். எனக்கு மிகவும் பிடித்தது அழுத்த விதி: சொல்லின் கடைசி மெய்க்கு முன்னால் உள்ள உயிரில் அழுத்தம் விழும்.

ஸ்பானிய எழுத்தில் அச்சடித்த சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மொழி மங்கும்போது முதலில் குழம்புவது இந்த நுணுக்கம்தான். ஹுமாய்தெபெக்கே ஊரில் மொழியை அரைகுறையாக அறிந்திருந்தவர்கள், அடைக்கக்கூடிய மெய்களையெல்லாம் தொண்டையை அடைத்தே உச்சரித்தார்கள் என்று மொழியியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். எங்கே அடைக்க வேண்டும் என்ற விதி மறந்துபோய், ஒலி மட்டும் கட்டுக்கடங்காமல் போய்விட்டது.

அப்புறம், 'ஷிங்கா' ஒரே மொழி அல்ல. குவாசகபான், சிகிமுலியா, ஹுமாய்தெபெக்கே, யுபில்தெபெக்கே என்று ஊருக்கு ஊர் தனித்தனி மொழி. எல்லாவற்றையும் கலந்து ஒரு சாம்பார் வைத்துவிடாதீர்கள். எந்த ஊர்ப் பிள்ளைக்கு எந்த ஊர்ப் பேச்சு என்பதை ஷிங்கா மக்கள் நாடாளுமன்றம் என்ற அவர்களின் அமைப்போடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். 1970களில் லைல் கேம்ப்பெல், டெரன்ஸ் காஃப்மன் போன்ற மொழியியலாளர்கள் முதியவர்களிடம் நேரில் கேட்டு எழுதிய குறிப்புகளின் பிரதிகள் அந்தந்த ஊருக்குப் போகட்டும். ஆசிரியருக்கு முதலில் தொண்டைப் பயிற்சி கொடுங்கள். பாடநூல் அட்டையில் எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் பேசும் ஒரு மொழி ஆர்வலன்