பழைய கணினியில் இரண்டு இயங்குதளங்கள்: பூட் மெனு உரிமையாளர் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டதை ஒட்டி, பழைய கணினி வைத்திருப்போர் இனி என்ன செய்யலாம் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புதுக் கணினி வாங்குங்கள், இல்லையேல் இருப்பதை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்று இரண்டே வழிகளை அக்கட்டுரை முன்வைத்திருந்தது. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. விண்டோஸை இருந்தபடியே வைத்துக்கொண்டு, அதே ஹார்ட் டிஸ்கில் லினக்ஸையும் நிறுவி, கணினியை இயக்கும்போதெல்லாம் ‘எது வேண்டும்?’ என்று கேட்கும் பூட் மெனு ஒன்றை அமைத்துக்கொள்வதே அது. சிறு நகரம் ஒன்றில் கணினிப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், நம் ஊர்க் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இந்த வழிதான் பெரும்பாலும் பொருந்துகிறது என்பது என் கருத்து.

விண்டோஸ் 11 ஓடுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், நம்பகமான தொடக்க நிரல்களை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த ஒரு நிபந்தனையாலேயே வெளியே நிறுத்தப்படுகின்றன. சரி, லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்றால் அதுவும் எல்லோருக்கும் எளிதன்று. டி.டி.பி. கடைகளையே எடுத்துக்கொள்வோம். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோப்புகள் அங்கே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும், யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் இருக்கின்றன. லினக்ஸுக்கென்று பேஜ்மேக்கர் வந்ததே இல்லை. கணக்கு எழுதுவோருக்கு டேலி இன்றி ஒரு நாளும் நகராது. அதுவும் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருளே. இவர்களிடம் போய் விண்டோஸை அழித்துவிடுங்கள் என்று சொல்வதில் பயனில்லை.

அதே நேரத்தில், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். வீட்டுப் பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கிறது என்பது உண்மைதான். அதற்குப் பிறகும் கணினி ஓடத்தானே வேண்டும்? ஆகவே டேலிக்கும் பேஜ்மேக்கருக்கும் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட விண்டோஸ், வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் அரசு இணையதளங்களுக்கும் லினக்ஸ் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அன்று. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில், விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது. அப்போது அந்த மெனுவைப் பார்த்த மாணவர்கள் பலர் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள்.

இந்த மெனு எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிட்டால், அதைப் பற்றிய அச்சத்தில் பாதி போய்விடும். கணினியை இயக்கியதும் முதலில் ஓடுவது மதர்போர்டில் உள்ள நிரல். அதன் பழைய முறைக்குப் பயாஸ் என்றும், புதிய முறைக்கு யு.இ.எஃப்.ஐ. என்றும் பெயர். பழைய பயாஸ் முறையில் ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளே எல்லாவற்றுக்கும் வாசல். அவற்றில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணைக்கும், மீதி இரண்டு அடையாளக் குறிக்கும் உரியவை. அந்த 446 பைட்டுகளில் ஒருவருடைய நிரல்தான் இருக்க முடியும் என்பதால், விண்டோஸைப் பின்னால் நிறுவினால் அது முன்பிருந்ததன் மேல் தன்னை எழுதிக்கொள்ளும். லினக்ஸ் டிஸ்கில் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே போக வழி இருக்காது. விண்டோஸை முதலில் நிறுவு, லினக்ஸைப் பின்னால் நிறுவு என்ற பழைய விதி இதனால் வந்ததே. இப்போதைய யு.இ.எஃப்.ஐ. முறையில் நெருக்கடி இவ்வளவு இல்லை. ஹார்ட் டிஸ்கில் ஃபேட் 32 என்ற கோப்பு வடிவில் ஒரு சிறு பார்ட்டிஷன் இதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. விண்டோஸின் தொடக்க நிரலும், பூட் மெனுவைக் காட்டும் லினக்ஸின் கிரப் என்ற தொடக்க நிரலும் அதில் தனித்தனிக் கோப்புறைகளில் அருகருகே இருக்கும். எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும். ஆகவே அப்டேட்டுக்குப் பின் மெனு காணாமல் போனால், பெரும்பாலும் வரிசை மாறியிருக்கிறது என்றே பொருள். பயாஸ் அமைப்புக்குள் சென்று அதைத் திருப்பி வைத்தால் போதும். இதற்குப் போய் மொத்தமாக ஃபார்மட் போட்டு, வாடிக்கையாளரின் படங்களையும் சேர்த்து அழித்துவிட்டுக் கட்டணமும் வாங்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவையே முக்கியமானவை. கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து வைப்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இயங்கும் கணினியானால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். தொடக்க முறையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அந்தக் குறியீட்டைத் தந்தால்தான் விண்டோஸ் கதவைத் திறக்கும். லினக்ஸுக்கான இடத்தை, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியால் சி டிரைவைச் சுருக்கிப் பெறுவது நல்லது, 50 ஜி.பி. கிடைத்தால் தாராளம். அடுத்து, விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ, பயாஸோ யு.இ.எஃப்.ஐ.யோ, அதே முறையில்தான் லினக்ஸை நிறுவ உதவும் பென் டிரைவையும் பூட் செய்ய வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. முறை மாறி நிறுவினால் இரண்டும் தனித்தனியே ஓடும். ஒரே மெனுவில் சேரா.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் மெனுவில் விண்டோஸ் பெயரே இல்லையே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். 2021இல் வெளியான கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. முழு அதிகாரத்துடன் ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்து பார்க்கும் நிரல் அது. கெட்ட நோக்கத்தோடு தயாரிக்கப்பட்ட பார்ட்டிஷன் எதிலாவது சிக்கினால் ஆபத்து என்பதால் அப்படிச் செய்தார்கள். காரணம் நியாயமானதே, ஆனால் அதன் சுமை புதிதாக நிறுவுகிறவர் தலையில் விழுகிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்து, அப்டேட்-கிரப் கட்டளையை ஒரு முறை ஓட்டினால் விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும். அதே கோப்பில் மெனு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லலாம். பத்து நொடி வைத்தால் வயதானவர்களும் நிதானமாகத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசியாகத் தேர்ந்தெடுத்ததே அடுத்த முறையும் முதல் தேர்வாக நிற்கும்படி அமைப்பது இன்னும் நல்லது. விண்டோஸ் அப்டேட்டின் நடுவே கணினி தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். அப்போது மெனு தன்போக்கில் லினக்ஸுக்குள் போய்விட்டால், அப்டேட் பாதியில் நின்றுவிட்டதோ என்று பயனர் கலங்கிப் போவார்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். மதர்போர்டில் உள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அது உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக எடுத்துக்கொள்கிறது. அதனால் லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், பிற்பகல் மூன்று மணிக்குக் கடிகாரம் காலை ஒன்பதரை என்று காட்டும். இந்திய நேரத்துக்கும் பொது நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வேறுபாடுதான் அது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள் என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பேட்டரியில் குறை ஏதும் இல்லை. டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையால், உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

இவையெல்லாம் பயனர் பக்கத்துக் கவனங்கள். நிறுவனங்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் கடிதம் முழுமை பெறாது. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இரண்டு இயங்குதளங்கள் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்ற ஆங்கில வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். குறைபாடுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடை செய்வதே அந்த அப்டேட்டின் நோக்கம். இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளை அது தொடாது என்றே நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் சில வகை அமைப்புகளை அதனால் கண்டறிய முடியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துச் சரிசெய்யும் வழிமுறைகள் சில நாள்களிலேயே வந்தன என்றாலும், நிரந்தரத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. ஒன்பது மாதம்! விண்டோஸே எழாமல் போயிருந்தால் இத்தனை காலம் எடுத்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பூட் மெனு வணிகப் போட்டிக்குக் களமாக இருந்த காலமும் உண்டு. பி என்ற சிறு அமெரிக்க நிறுவனம், தான் உருவாக்கிய பி.ஓ.எஸ். என்ற இயங்குதளத்தை 1990களின் இறுதியில் ஹிட்டாச்சியின் கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்து நிறுவ ஏற்பாடு செய்திருந்தது. கணினியும் சந்தைக்கு வந்தது, பி.ஓ.எஸ்.ஸும் டிஸ்கில் இருந்தது, ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதற்கான மெனு இல்லை. விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தின் நிபந்தனைகளே அதைத் தடுத்தன என்பது பி நிறுவனத்தின் குற்றச்சாட்டு. 2002இல் அது மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2003இல், மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் பி நிறுவனம் தன் தொழிலையே விற்றுவிட்டிருந்தது. கேள்வி கேட்கும் அந்த ஒரு திரை இல்லாவிட்டால், டிஸ்கில் இருக்கும் இயங்குதளம் இருந்தும் இல்லாததுதான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். கணினி விற்போரும் பழுது பார்ப்போரும், ஓ.எஸ். போடுவதற்கு முன் டிஸ்கில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று பார்த்து, உரிமையாளரைக் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். ரசீதில் மீட்புக் குறியீட்டை எழுதி வைக்கச் சொல்லி ஒரு வரியும், பூட் மெனுவை அழைக்கும் விசை அந்தக் கணினியில் எஃப் 12-ஆ, எஃப் 9-ஆ, எஸ்கேப்பா என்று இன்னொரு வரியும் எழுதிக் கொடுப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களிடம், விண்டோஸிலிருந்தபடி அந்தப் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவைக்க வேண்டும். அப்படி அழித்தால் தொடக்க நிரல் தன் மற்ற கோப்புகளைத் தேடிக் காணாமல், ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்களோடு கறுப்புத் திரையில் நின்றுவிடும். யு.இ.எஃப்.ஐ. கணினியானால் முதலில் வரிசையில் விண்டோஸை முன்னே கொண்டுவர வேண்டும். பழைய பயாஸ் கணினியானால் விண்டோஸ் மீட்பு வட்டைக் கொண்டு தொடக்க நிரலைத் திருப்பி எழுத வேண்டும். பார்ட்டிஷனை நீக்குவது அதற்குப் பிறகுதான்.

தங்கள் நாளிதழின் அடுத்த கணினிக் கட்டுரையில், புதுக் கணினிகளின் விலைப் பட்டியலோடு இந்த மூன்றாவது வழிக்கும் சிறிது இடம் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்